ஒரே வளவு வீட்டில் பிறந்த மூவர்: சர்க்கரை நோயில் மரபணுவும் சூழலும் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஆவணியில், காரைக்குடியை அடுத்த ஓர் ஊரைச் சேர்ந்த 59 வயது நகரத்தார் ஒருவர், சென்னையில் எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு என்னிடம் வந்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 131 மில்லிகிராம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.7 விழுக்காடு. நீரிழிவு என்று சொல்வதற்குரிய எல்லைகள் முறையே 126, 6.5. இரண்டு வாரம் கழித்து நான் மறுபடி எடுத்துப் பார்த்தபோதும் இரண்டும் எல்லைக்கு மேலேயே நின்றன. மருந்து என்ன, எத்தனை வேளை என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "தம்பிக்கு முப்பத்தெட்டு வயசுலயே வந்துருச்சு டாக்டர். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அப்பச்சி (அப்பா), ஒரே ஆத்தா. எனக்கு மட்டும் இத்தனை வருசம் எங்க ஒளிஞ்சிருந்துச்சு?" என்றுதான் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்று, "பரம்பரை வியாதி, தப்ப முடியாது." மற்றொன்று, "வாயைக் கட்டவில்லை, அதனால் வந்தது." முதல் விடை நோயாளியைக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வைக்கிறது, இரண்டாவது விடை அவரைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டுமே அவருடைய கேள்விக்கு விடை ஆகாது என்பதால்தான் இந்தக் குடும்பத்தின் வரலாற்றை முழுமையாகத் தேடி எழுத முற்பட்டேன். குடும்பத்தார் இசைவு தந்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குடும்பமும் பிள்ளை கூட்டலும்

உடன்பிறந்தவர்கள் மூவர். முதலில் பிறந்தவர் பெண், 1959இல் பிறந்தவர். தம்பிகள் இருவரும் அழைப்பதுபோலவே இங்கும் அவரை ஆச்சி என்றே குறிப்பிடுகிறேன். அடுத்தவர் 1963இல் பிறந்த, மேலே சொன்ன நோயாளி; தம்பிகள் இருவரில் மூத்தவர் என்பதால் இனி இவரையே மூத்தவர் என்கிறேன். இளையவர் 1969இல் பிறந்தார். இளையவருக்கு மூன்று வயது நடந்தபோது, தந்தையின் ஒன்றுவிட்ட சகோதரர் பிள்ளை இல்லாத காரணத்தால் அவரைக் கூட்டிக்கொண்டார், அதாவது தத்தெடுத்தார். நகரத்தாரிடையே பிள்ளை கூட்டுவது ஒளித்துச் செய்யும் காரியம் அன்று. பங்காளிகள் கூடியிருக்க, மஞ்சள் நீர் கொடுத்து, எல்லோரும் அறிய நடப்பது. ஒன்பது நகரக் கோயில்களில் ஒரே கோயிலைச் சேர்ந்த வீட்டிலிருந்துதான் பிள்ளை கூட்ட வேண்டும் என்பது முறை. யார் பெற்ற பிள்ளை, எந்த வீட்டுக்குப் போனது, எப்போது போனது என்பதெல்லாம் ஊரறிந்த செய்தியாக இருக்கும். மரபணுவையும் வளர்ப்பையும் பிரித்துப் பார்க்க விரும்பும் ஓர் ஆய்வாளருக்கு இது எவ்வளவு அரிய வாய்ப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டிய வீட்டார் அடுத்த ஆண்டே சென்னைக்குக் குடிபெயர்ந்தனர். இளையவர் ஒற்றைப் பிள்ளையாக, காரில் பள்ளிக்குச் சென்று வளர்ந்து, கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் நாற்காலியை விட்டு எழாத வேலையில் அமர்ந்தார். மூத்தவர் ஊரிலேயே தங்கி அரிசி ஆலையையும் சில ஏக்கர் நிலத்தையும் பார்த்துக்கொண்டார். ஐம்பத்தைந்து வயது வரை ஊருக்கும் ஆலைக்கும் சைக்கிள்தான். இவர் சாப்பிட்டதும் சிறுதானியக் கூழ் அல்ல என்பதைக் குறித்தாக வேண்டும். காலைப் பலகாரமாக வெள்ளைப் பணியாரமும், விசேட நாட்களில் சர்க்கரையும் தேங்காயும் சேர்த்த கவுனி அரிசியும், மதியம் முழுச் சோறும் இருவர் வீட்டிலும் ஒன்றுபோலவே இருந்தன. வேறுபட்டது உடலசைவு.

இளையவருக்கு 2007இல், 38 வயதில், எச்பிஏ1சி 8.9 என்ற நிலையில் நோய் தெரிந்தது. அப்போது உடல் நிறை எண் (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 28.4, இடுப்புச் சுற்றளவு 101 செ.மீ. இந்திய உடலமைப்புக்கு நிறை எண் 23இலிருந்தே மிகை எடையாகவும் 25இலிருந்து உடற்பருமனாகவும் கொள்கிறோம். ஆண்களின் இடுப்புக்கு 90 செ.மீ. எல்லை. மூத்தவருக்கு 2016இல் வேறொரு காரணத்துக்காக எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 96, எச்பிஏ1சி 5.6, நிறை எண் 21.5. அதாவது 53 வயதிலும் அவர் நோயின் எல்லைக்கு வெளியே நின்றார். 2019இல் மகனோடு இருக்கச் சென்னை அடுக்ககம் ஒன்றுக்குப் போனார். தொற்றுக் காலம் முழுவதும் அங்கேயே முடங்கினார். மூன்றாண்டில் ஒன்பது கிலோ கூடியது, பிறகுதான் 131.

இந்த அளவோடு நிறுத்தினால் கதை மிக எளிது. ஒரே பெற்றோர், வெவ்வேறு வீடு. அசைந்தவர் தப்பினார், அமர்ந்தவர் மாட்டிக்கொண்டார். அசைந்தவரும் அமர்ந்தவுடன் மாட்டிக்கொண்டார். நானும் முதல் மாதம் இப்படித்தான் நம்பினேன்.

பேரேட்டில் கிடைத்த செய்தி

குடும்ப வரலாற்றை நிறைவு செய்ய ஆச்சியிடம் பேசியபோது இந்த எளிமை கலைந்தது. தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்து, 1994இல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது எப்போது தொடங்கியது என்று கேட்டேன். ஆச்சி சற்று யோசித்து, "தம்பி வயித்துல இருக்கும்போதுதான். ஆத்தாவுக்கு ஊசி போட மதுரைக்குக் கூட்டிட்டுப் போவாக. நான் அப்பத்தாகூட இருந்தேன், எனக்குப் பத்து வயசு" என்றார். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய பத்து வயதுப் பிள்ளையின் நினைவை மட்டும் சான்றாகக் கொள்ள எனக்குத் தயக்கம் இருந்தது. அதை ஆச்சியே புரிந்துகொண்டு, இரண்டாங்கட்டு அறையில் பெட்டியில் இருந்த தந்தையின் பழைய பேரேட்டை எடுத்துவரச் சொன்னார். 1969ஆம் ஆண்டின் பக்கங்களில், மதுரைப் பயணச் செலவுக்கு அடுத்து, இன்சுலின் மருந்து வாங்கிய பற்று நான்கு இடங்களில் எழுதப்பட்டிருந்தது. 1963ஆம் ஆண்டுப் பக்கங்களில், மூத்தவர் பிறந்த மாதங்களில், பேறுகாலச் செலவு உண்டு, இன்சுலின் இல்லை.

ஒவ்வொரு காசையும் எழுதி வைக்கும் பழக்கம் ஒரு மருத்துவ ஆவணமாக என் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வை மறைக்க விரும்பவில்லை. இளையவரின் வாழ்நாள் முழுவதையும் அளந்துவிட்டதாக நான் நினைத்திருந்தேன். அவர் பிறப்பதற்கு முந்தைய ஒன்பது மாதங்களை மறந்திருந்தேன்.

அந்த ஒன்பது மாதங்கள் ஏன் முக்கியம் என்பதற்கு, அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா மக்களிடையே நடந்து 2000இல் வெளிவந்த ஆய்வு வலுவான சான்று. தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்த பிள்ளையையும், வந்த பின் பிறந்த பிள்ளையையும் ஒரே குடும்பத்துக்குள் ஒப்பிட்டார்கள். பின்னால் பிறந்தவருக்கு நோய் வரும் வாய்ப்பு 3.7 மடங்கு. உடன்பிறந்தோர் சராசரியாகப் பாதி மரபணு மாறுபாடுகளைப் பகிர்கிறார்கள். தாயும் தந்தையும் அவர்களே. மாறியது கருப்பையின் சர்க்கரை அளவு. தாயின் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே கருவுக்குச் செல்கிறது, தாயின் இன்சுலின் செல்வதில்லை. ஆகவே கருவின் கணையம் தானே மிகுதியாகச் சுரக்க வேண்டியதாகிறது. அந்தப் பழக்கத்தின் சுவடு கொழுப்புத் திசுவிலும், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களிலும் வளர்ந்த பின்னும் தங்குகிறது என்று கருதப்படுகிறது.

எங்கள் இளையவரிடம் இப்போது இரண்டு வேறுபாடுகள் ஒன்றாகக் கட்டுண்டிருக்கின்றன. அவர் வளர்ந்த வீடும் வேறு, அவர் உருவான கருப்பைச் சூழலும் வேறு. இந்த ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு எது எவ்வளவு என்று பிரிப்பதற்கு எந்தக் கணக்கும் உதவாது.

ஆச்சியின் நிலை இன்னொரு செய்தியைச் சேர்த்தது. தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டு, வீட்டு வேலை அனைத்தையும் தாமே செய்து வாழ்ந்த அவருக்கு 2020இல், 61 வயதில், எச்பிஏ1சி 6.8 என்று தெரிந்தது. நிறை எண் 25. ஆக, மூவருக்கும் நோய் வந்தாயிற்று: 38, 59, 61. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்த நான், எந்த வயதில் வந்தது என்று கேட்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். மூத்தவர் கேட்ட "எங்கே ஒளிஞ்சிருந்துச்சு" என்பதும் காலத்தைப் பற்றிய கேள்விதான்.

மரபணு எவ்வளவு சொல்லும்

இளையவருக்கு நோய் இளமையிலேயே வந்ததாலும் தலைமுறை தோறும் தொடர்ந்ததாலும், ஒற்றை மரபணுப் பிழையால் வரும் இளம்பருவ நீரிழிவு வகையா என்று முதலில் ஐயுற்றேன். அந்த வகை பெரும்பாலும் 25 வயதுக்கு முன்பே மெலிந்த உடலில் தோன்றும். இவருடைய எடையும், உடலின் சொந்த இன்சுலின் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைடு அளவு நன்றாக இருந்ததும், தன்னுடல் தாக்கும் எதிர்ப்பொருள் இல்லாததும், பொதுவான இரண்டாம் வகையையே சுட்டின.

இரண்டாம் வகையில் ஒரு மரபணு என்று எதையும் காட்ட முடியாது. நூற்றுக்கணக்கான இடங்களில் உள்ள சிறு மாறுபாடுகள் சேர்ந்து வேலை செய்கின்றன. அவற்றுள் பெரிய விளைவுடையதாக 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்த டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் மாறுபாடு கூட, ஒரு பிரதிக்கு நோய் வாய்ப்பை ஏறத்தாழ 1.4 மடங்காக்குகிறது, அவ்வளவே. இன்சுலின் சுரப்பைத் தொடும் அந்த மாறுபாடு தென்னிந்தியரிடமும் நோயோடு தொடர்புடையதாக உறுதி செய்யப்பட்டிருக்கிறது. இந்தக் குடும்பத்தில் அதைப் பரிசோதிக்கலாமா என்று இளையவரின் மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். விடை எதுவாக இருந்தாலும் சிகிச்சையில் ஒரு மாத்திரையும் மாறப்போவதில்லை. மூன்று பேரில் ஒரு மாறுபாட்டைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

இடைவினை என்றால் என்ன என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் "இரண்டும் காரணம்" என்று சொல்வதையே பலர் இடைவினை என்று நினைக்கிறார்கள். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஆபத்தான மாறுபாடும் இல்லாமல், அமர்ந்த வாழ்வும் இல்லாமல் இருப்போர் நூற்றுக்கு 5 பேருக்கு நோய் வருகிறது. மாறுபாடு மட்டும் இருந்தால் 10. அமர்ந்த வாழ்வு மட்டும் இருந்தால் 10. இரண்டும் இருந்தால் எத்தனை? ஒவ்வொன்றும் தன் பங்கான 5ஐக் கூட்டுகிறது என்றால் 15 வர வேண்டும். ஒவ்வொன்றும் இரட்டிப்பாக்குகிறது என்றால் 20 வர வேண்டும். ஆய்வில் 20 வந்தால், கூட்டல் கணக்கில் பார்ப்பவர் இடைவினை உண்டு என்பார். பெருக்கல் கணக்கில் பார்ப்பவர் இல்லை என்பார். இருவர் கையிலும் உள்ள தரவு ஒன்றே. எந்த அளவுகோலில் பார்த்தோம் என்று சொல்லாமல் "மரபணு–சூழல் இடைவினை கண்டறியப்பட்டது" என்று எழுதுவது அரைகுறைச் செய்தி. பொதுநலத் திட்டம் வகுப்போர்க்குக் கூட்டல் அளவுகோலே பயன்படும், ஏனெனில் எத்தனை பேரைக் காப்பாற்றலாம் என்பது அதில்தான் தெரியும்.

உண்மையான ஆய்வுகளில் இது எப்படி வெளிப்படுகிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். எடையோடு தொடர்புடைய எஃப்டிஓ என்ற மரபணுவின் மாறுபாட்டை 2,18,166 பெரியவர்களிடம் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டபோது, உடலுழைப்பு உள்ளவர்களிடம் அதன் பாதிப்பு 27 விழுக்காடு குறைந்திருந்தது. அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், டிசிஎஃப்7எல்2 மாறுபாட்டை இரண்டு பிரதிகளாகக் கொண்டவர்கள் வெற்று மாத்திரை (மருந்தில்லாத மாத்திரை) பெற்ற குழுவில் இருந்தபோது நோய்க்குச் செல்லும் வேகம் 1.81 மடங்காக இருந்தது; வாழ்முறை மாற்றக் குழுவில் அது 1.15 மடங்காகச் சுருங்கியது. கேட்க இனிக்கும் இந்த எண்களோடு ஒரு உண்மையும் உண்டு: அந்த வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் பங்கேற்ற திட்டத்திலேயே எட்டவில்லை. ஒரு காரணியின் தனி விளைவைக் கண்டறிய வேண்டிய எண்ணிக்கையைப்போல் குறைந்தது நான்கு மடங்கு மக்கள், அதே அளவுள்ள இடைவினையைக் கண்டறியத் தேவை. சிறு எண்ணிக்கையில் அவசரப்பட்டதால் ஏற்பட்ட இழப்புக்கு மனச்சோர்வு ஆய்வுகள் சாட்சி. செரட்டோனின் கடத்தி மரபணுவும் வாழ்க்கைத் துயரங்களும் சேர்ந்து மனச்சோர்வை உண்டாக்குகின்றன என்று 2003இல் நியூசிலாந்தின் டனீடன் நகரத் தரவிலிருந்து வந்த முடிவு உலகெங்கும் பாடமாயிற்று. 2009இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த இடைவினை நிலைக்கவில்லை.

பிள்ளை கூட்டலை ஆய்வாக்குவதில் உள்ள முடிச்சு

முன்னே நான் அரிய வாய்ப்பு என்று சொன்னதை இப்போது திருத்த வேண்டியிருக்கிறது. தத்துப் பிள்ளை ஆய்வுகளின் அடிப்படை, வளர்த்த பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் மரபணு உறவு இல்லை என்பது. செட்டிநாட்டில் அது பொருந்தாது. வளர்த்த தந்தை, பெற்ற தந்தையின் ஒன்றுவிட்ட சகோதரர் என்றால், பிள்ளைக்கும் அவருக்கும் எதிர்பார்க்கப்படும் பகிர்வு 6.25 விழுக்காடு. பல தலைமுறைகளாகச் சமூகத்துக்குள்ளேயே மணம் நடப்பதாலும், மாமன் மகள், அத்தை மகள் மணங்களாலும் அது இன்னும் கூடும். இளையவரை வளர்த்த தந்தைக்கும் சர்க்கரை நோய் இருந்தது. அது வீட்டின் பழக்கத்தைக் காட்டுகிறதா, இரத்த உறவைக் காட்டுகிறதா? இரண்டையும் காட்டலாம். மேலும், பிள்ளை கூட்டும் வீடு பெரும்பாலும் வசதியான வீடு. ஆகவே பிள்ளை போகும் சூழல் எப்போதும் ஒரே திசையில் மாறுகிறது.

இருந்தும் இந்த முறையை நான் கைவிடமாட்டேன். ஒரு குடும்பத்தில் பிரிக்க முடியாததைப் பல குடும்பங்களில் பிரிக்கலாம். தாய்க்கு நோய் வருமுன் பிறந்து வேறு வீடு போனவர்கள், வந்த பின் பிறந்தும் பெற்ற வீட்டிலேயே வளர்ந்தவர்கள் என்று நான்கு வகையினரும் இந்த எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் இருப்பார்கள். முன்னோர்க்குப் படையலிடும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடும் நாட்களில் கொடிவழியை ஒரே அமர்வில் எழுதிவிட முடியும். உறவின் அளவை ஊகிக்காமல் மரபணுத் தரவிலிருந்தே நேரடியாகக் கணக்கிட்டு, வளர்த்தவரோடு உள்ள பகிர்வை ஒரு காரணியாகவே சேர்க்கலாம். பழைய பேரேடுகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. வளவு வீடுகள் இடிக்கப்பட்டுத் தூண்களும் கதவுகளும் விலைக்குப் போகும் வேகத்தில், அந்தப் பேரேடுகள் பழைய தாள் கடைக்குப் போகின்றன என்பதுதான் எனக்குள்ள உண்மையான கவலை.

சூழலை அளப்பதும் எளிதன்று. மரபணுவை ஒருமுறை படித்தால் போதும்; அது வாழ்நாள் முழுவதும் மாறாது. உணவையும் உழைப்பையும் நினைவிலிருந்து கேட்டால், நோய் வந்தவர் தாம் தின்ற இனிப்பை மிகுத்தும் வராதவர் குறைத்தும் சொல்வதை அன்றாடம் பார்க்கிறேன். இந்தக் குடும்பத்தில் மாத எண்ணெய்ச் செலவு எழுதப்பட்டிருந்ததால் வீட்டு நுகர்வை ஓரளவு மதிப்பிட முடிந்தது. ஆனால் வீட்டின் மொத்த எண்ணெய் யார் வயிற்றுக்கு எவ்வளவு போனது என்று பேரேடு சொல்லாது.

சிகிச்சையும் அதன் பின்னும்

மூத்தவர் ஊர் திரும்பினார். ஊருணிக் கரையைச் சுற்றிக் காலையிலும் மாலையிலும் முப்பது நிமிட நடை, ஆலைக்கு மீண்டும் சைக்கிள், மதியச் சோற்றில் பாதியைக் குறைத்துப் பருப்பும் காயும் கூட்டுவது, குறைந்த அளவில் மெட்ஃபார்மின். பதினெட்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கி, எச்பிஏ1சி 6.0 ஆயிற்று. மாத்திரையை நிறுத்திப் பார்த்ததில் 6.2இல் நிற்கிறது. 2016இல் இருந்த 5.6க்கு அவர் திரும்பவில்லை; வயது கூடியிருக்கிறது, பீட்டா செல்களின் இருப்பும் குறைந்திருக்கலாம். முன்நிலை நீரிழிவு உள்ளவர்களிடம் வாழ்முறை மாற்றம் என்ன செய்யும் என்பதைச் சென்னையில் 531 பேரிடம் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டபோது, மூன்றாண்டில் நோய்க்குச் செல்வது 28.5 விழுக்காடு குறைந்தது. அமெரிக்கத் திட்டத்தில் அது 58 விழுக்காடு. நம்மவர் அங்குள்ளவர்களைவிட மெலிந்த உடலிலேயே நோயை நோக்கி நகர்கிறார்கள் என்பதை இந்த வேறுபாட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. புனேயில் அளந்த குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5 கிலோ, ஆனால் தோலடிக் கொழுப்பில் அந்த அளவுக்குக் குறைவு இல்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு இருப்பது பிறக்கும்போதே தொடங்குகிறது.

மூத்தவரிடம் நான் சொன்ன விடை இது. அவருடைய உடலில் சாய்வு பிறந்த நாளிலிருந்தே இருந்தது. சைக்கிளும் ஆலையும் அதை ஐம்பது ஆண்டுக்கு மேல் தாங்கிப் பிடித்தன. தம்பிக்கு அந்தத் தாங்கல் சிறு வயதிலேயே இல்லாமல் போனதோடு, கருவிலேயே இன்னொரு சுமையும் ஏறியது. தம்பிக்கு எது முந்தியது என்று என்னால் சொல்ல முடியாது. கேட்டுவிட்டு அவர், "அப்ப அவனை நாங்க குறை சொன்னது தப்புதான்" என்றார். குடும்பத்தில் நெடுநாளாக இளையவரைச் சுகவாசி என்று பேசி வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூத்தவரின் மகள் அந்த ஆண்டு இறுதியில் கருவுற்றிருந்தார். வழக்கமாக எடுக்கும் காலம் வரட்டும் என்று காத்திராமல், பதினாறாம் வாரத்திலேயே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தோம். 148. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு எல்லை 140. உணவு மாற்றத்திலும் நடையிலும் அளவு கட்டுக்குள் வந்தது, இன்சுலின் தேவைப்படவில்லை. 3.1 கிலோ எடையில் பெண் குழந்தை பிறந்தது. பேறு முடிந்து ஆறாம் வாரத்தில் தாய்க்கு மறுபரிசோதனை செய்து, இயல்பு நிலை என்று எழுதிக்கொடுத்தேன். ஆண்டுக்கொரு முறை எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதினேன். ஆச்சி அந்தச் சீட்டை வாங்கி, இரண்டு எண்களையும் குழந்தையின் எடையையும் தேதியோடு 1969ஆம் ஆண்டுப் பேரேட்டின் பின்பக்கத்து வெற்றுத் தாளில் எழுதி வைத்தார்.